வட்டி இறங்கும்போது, தேர்தல் நெருங்கும்போது

எஃப்.டி. முதிர்ந்த அன்று வங்கிக்குப் போகிறீர்கள். போன தடவை கிடைத்த வட்டி இப்போது கிடையாது என்கிறார் கவுன்டரில் இருப்பவர். வீட்டுக்கு வந்து டி.வி.யைப் போட்டால், கூட்டணி நிற்குமா, ஆட்சி தங்குமா என்று விவாதம் ஓடுகிறது. கடைத்தெருவில் வியாபாரம் மந்தம். மகன் வேலை பார்க்கும் கம்பெனியில் இந்த வருடம் சம்பள உயர்வு இல்லை. வட்டி இறக்கம், அரசியல் குழப்பம், தொழில் மந்தம் ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் நேரத்தில் பணத்தை எந்த வரிசையில், எங்கே, எப்படி வைப்பது என்பதை இந்த அத்தியாயத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட்டி குறைந்ததால் நொடித்துப்போன குடும்பத்தை நான் பார்த்ததில்லை. குறைந்த வட்டியை ஈடுகட்டக் கிளம்பி, போட்ட பணத்தையே பறிகொடுத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தப் பறிகொடுப்பைத் தடுக்கத்தான்.

கோட்பாடாக ஒரே ஒரு கணக்கு

2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான ரெப்போ வட்டியை 5.15 சதவீதத்திலிருந்து 4.40-க்கு இறக்கியது. மே 22 அன்று 4 சதவீதம் ஆனது. 2022 மே 4 வரை அது அங்கேயே நின்றது. 2020 செப்டம்பரில் ஸ்டேட் வங்கி ஒரு வருட எஃப்.டி.க்குக் கொடுத்தது 4.9 சதவீதம். அந்த நிதியாண்டில் சில்லறை விலைவாசி சராசரியாக 6.2 சதவீதம் ஏறியது.

அதாவது 1,00,000 ரூபாய் போட்டவருக்கு வருடக் கடைசியில் 1,04,900 ரூபாய் வந்தது. வருடத் தொடக்கத்தில் லட்ச ரூபாய்க்கு வாங்கிய அதே சாமான் அப்போது 1,06,200 ரூபாய். அசலும் வட்டியும் பத்திரமாகக் கைக்கு வந்த பிறகும் 1,300 ரூபாய் தேய்மானம்.

இந்தத் தேய்மானம் உண்மை. ஆனால் அதன் அளவை மனதில் வையுங்கள்: லட்சத்துக்கு 1,300 ரூபாய். இதற்குப் பயந்து லட்சத்தையே பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை. 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் நடுவில் ரெப்போ மறுபடியும் 6.50-லிருந்து 5.50-க்கு இறங்கியது. ஆக, இப்படிப்பட்ட காலம் திரும்பத் திரும்ப வரும். ஒரு தடவை முறையாகச் செய்துவைத்தால் ஒவ்வொரு தடவையும் பதற வேண்டியதில்லை.

படி 1: எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். பீரோவில் இருக்கும் எஃப்.டி. ரசீதுகள், அஞ்சலகப் பாஸ்புத்தகம், இன்சூரன்ஸ் பாலிசிகள், சீட்டுப் புத்தகம், நகைக்கடன் அட்டை, டீமேட் கணக்கின் அறிக்கை என்று எல்லாவற்றையும் கூடத்தில் பரப்புங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார வேண்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்த சேமிப்பு பாதிச் சேமிப்புதான்.

ஒரு நோட்டில் ஐந்து பத்திகள் போடுங்கள்.

1. எங்கே இருக்கிறது: வங்கி, கிளை, கணக்கு எண்.
2. எவ்வளவு.
3. எப்போது முதிர்கிறது.
4. யார் பெயரில், நாமினி யார்.
5. நாளைக் காலையே தேவைப்பட்டால் எடுக்க முடியுமா, எடுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள்.

ஐந்தாவது பத்தியைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. நெருக்கடியில் உதவப்போவது அதுதான். நாமினி பத்தியில் காலமான பெரியவர்களின் பெயர் இன்னமும் இருந்தால் அந்த வாரமே மாற்றுங்கள். வங்கிக் கணக்குக்கு 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம்.

படி 2: கடனை அடைப்பதே முதல் முதலீடு

கிரெடிட் கார்டு பாக்கிக்கு வருடத்துக்கு 36 முதல் 42 சதவீதம் வரை வட்டி ஓடுகிறது. 6 சதவீதத்துக்கு எஃப்.டி. போட்டுக்கொண்டே இந்தப் பாக்கியை வைத்திருப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். முதலில் கார்டு, அடுத்து தனிநபர் கடன், பிறகு நகைக்கடன் என்று வட்டி அதிகமான வரிசையில் அடையுங்கள்.

வீட்டுக் கடன் வேறு கதை. ரெப்போவோடு இணைந்த கடனாக இருந்தால் வட்டி இறங்கும்போது உங்களுக்கும் இறங்கும். அப்போது தவணையைக் குறைத்துத் தரவா, காலத்தைக் குறைக்கவா என்று கேட்டால், தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பழைய முறையில் வாங்கிய கடனாக இருந்தால், ரெப்போ முறைக்கு மாற்ற என்ன கட்டணம் என்று எழுத்தில் கேளுங்கள். மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்கத் தனிநபர்களிடம் வங்கிகள் அபராதம் வசூலிக்கக் கூடாது.

படி 3: ஒரு வருடச் செலவைத் தனியே ஒதுக்குங்கள்

வழக்கமாக ஆறு மாதச் செலவு போதும் என்பார்கள். பொருளாதாரம் மந்தமான காலத்தில் வேலை போனால் அடுத்த வேலை கிடைக்கத் தாமதமாகும். சொந்தத் தொழில் என்றால் வர வேண்டிய பாக்கி இழுத்தடிக்கும். அதனால் பன்னிரண்டு மாதம் என்று வையுங்கள். மாதம் 35,000 ரூபாய் செலவாகும் குடும்பத்துக்கு 4,20,000 ரூபாய்.

இதில் இரண்டு மாதத் தொகை சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மீதியைச் சிறுசிறு எஃப்.டி.களாகப் போடுங்கள். மூன்றரை லட்சத்தை ஒரே ரசீதாகப் போட்டால், 40,000 ரூபாய் அவசரத்துக்கு முழு ரசீதையும் உடைக்க வேண்டி வரலாம்.

இந்தப் பணத்துக்கு எவ்வளவு வட்டி வருகிறது என்று பார்க்காதீர்கள். கேட்ட நாளில் கைக்கு வருவதுதான் இதன் வேலை. அதற்காக வீட்டில் கட்டுக்கட்டாக ரொக்கம் வைக்கவும் வேண்டாம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தபோது, சமையலறை டப்பாக்களில் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்த பெண்கள் பட்ட பாடு நினைவிருக்கும்.

படி 4: நிச்சய வருமானத்தை ஏணியாகக் கட்டுங்கள்

வட்டி இறங்கும்போது இரண்டு விதமான தவறு நடக்கும். ஒரு சாரார், இன்னும் இறங்கிவிடும் என்று பயந்து மொத்தத்தையும் ஐந்து வருடத்துக்குப் பூட்டுவார்கள். இன்னொரு சாரார், திரும்ப ஏறும் என்று காத்திருந்து சேமிப்புக் கணக்கிலேயே போட்டுவைப்பார்கள். 2020-ல் 5.4 சதவீதத்துக்கு ஐந்து வருடம் பூட்டியவர்கள், 2023-ல் பெரிய வங்கிகளே 7 சதவீதம் கொடுத்ததைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காத்திருந்தவர்களுக்கோ அதுவரை சேமிப்புக் கணக்கின் 2.7 சதவீதம்தான். வட்டி எப்போது திரும்பும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால்தான் ஏணி.

உங்களிடம் 10 லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. அதை 2 லட்சமாக ஐந்து பங்கு போடுங்கள்.
2. முதல் பங்கை ஒரு வருடத்துக்கும், இரண்டாவதை இரண்டு வருடத்துக்கும், இப்படியே ஐந்தாவதை ஐந்து வருடத்துக்கும் எஃப்.டி. போடுங்கள்.
3. வருடத்துக்கு ஒரு ரசீது முதிரும். பணம் தேவையில்லை என்றால் அதை மறுபடி ஐந்து வருடத்துக்குப் போடுங்கள்.
4. ஐந்தாவது வருடத்திலிருந்து உங்களிடம் இருப்பவை எல்லாம் ஐந்து வருட எஃப்.டி.கள். ஆனாலும் வருடத்துக்கு ஒன்று கைக்கு வந்துகொண்டே இருக்கும்.

வட்டி ஏறினால் அந்த வருடம் முதிரும் பங்கு ஏற்றத்தைப் பிடிக்கும். இறங்கினால் மற்ற நான்கு பங்கும் பழைய வட்டியில் நிற்கும்.

*எந்த வங்கியில்?* ஒரு வங்கி முழுகினால் டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு 5 லட்சம் வரை தரும். 2020 பிப்ரவரி வரை இது வெறும் ஒரு லட்சம். இந்த 5 லட்சத்தில் அசலும் வட்டியும் அடக்கம். ஒரே வங்கியின் எல்லாக் கிளைகளும் ஒன்றாகத்தான் கணக்கில் வரும். ஆகவே சிறிய வங்கியிலோ நகரக் கூட்டுறவு வங்கியிலோ அரை சதவீதம் கூடுதல் வட்டிக்காகப் போடுகிறீர்கள் என்றால், வட்டியும் சேர்ந்து 5 லட்சத்தைத் தாண்டாத அளவுக்கு நிறுத்திக்கொள்ளுங்கள்.

*எச்சரிக்கை:* தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், நிதி நிறுவனம், 'பெனிபிட் ஃபண்ட்', கம்பெனி டெபாசிட், நகைக்கடைச் சேமிப்புத் திட்டம் ஆகியவற்றுக்கு இந்தக் காப்பீடு இல்லை. பெயர்ப்பலகையில் 'வங்கி' மாதிரித் தெரிவதெல்லாம் வங்கி ஆகாது.

*அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு:* ஏணிக்கு முன்பாக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைப் பாருங்கள். ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் இதன் வட்டி 8.2 சதவீதம் ஆனது. அந்த விகிதத்தில் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். சேரும் நாளில் இருக்கும் வட்டி ஐந்து வருடத்துக்கும் மாறாது என்பதுதான் இதன் பெரிய பலம். ஒரு வருடத்துக்குள் மூடினால் வட்டி கிடையாது. இரண்டு வருடத்துக்குள் என்றால் அசலில் 1.5 சதவீதமும், அதற்குப் பிறகு 1 சதவீதமும் பிடிப்பார்கள். எனவே படி 3-ன் பணத்தை இதில் போட்டுவிடாதீர்கள்.

அஞ்சலகத் திட்டங்களின் வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது. அதில் அரசியலும் உண்டு. 2021 மார்ச் 31 அன்று பி.பி.எஃப். வட்டி 7.1-லிருந்து 6.4 ஆகக் குறைகிறது என்று உத்தரவு வந்தது. மறுநாள் காலையே, கவனக்குறைவால் வெளியான உத்தரவு என்று சொல்லி நிதியமைச்சர் அதைத் திரும்பப் பெற்றார். மேற்கு வங்கத்தில் அன்று வாக்குப்பதிவு. தமிழ்நாட்டில் ஐந்து நாளில் வாக்குப்பதிவு. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறைப் பாடம்: பி.பி.எஃப். போல வட்டி மாறும் திட்டம் எது, மூத்த குடிமக்கள் திட்டம், என்.எஸ்.சி. போலச் சேர்ந்த நாளின் வட்டியே கடைசிவரை நிற்கும் திட்டம் எது என்று பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். வட்டி குறையப்போகும் காலத்தில் இரண்டாவது வகைக்கு மதிப்பு அதிகம்.

வட்டி ஏறினால் உங்களுக்கும் ஏற வேண்டும் என்று விரும்பினால் ரிசர்வ் வங்கியின் மாறும் வட்டிச் சேமிப்புப் பத்திரம் இருக்கிறது. ஏழு வருடம், என்.எஸ்.சி. வட்டியைவிட 0.35 சதவீதம் அதிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும். 1,000 ரூபாயிலிருந்து வாங்கலாம். ஆனால் அறுபது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இடையில் எடுக்க வழி இல்லை.

படி 5: பங்குச் சந்தைக்கு ஏழு வருடப் பணம் மட்டும்

விலைவாசியைத் தாண்ட வேண்டுமென்றால் ஒரு பகுதியாவது பங்குகளில் இருக்கத்தான் வேண்டும். எவ்வளவு என்பதற்கு என் அளவுகோல் எளிது. ஏழு வருடத்துக்குள் கல்யாணத்துக்கோ, படிப்புக்கோ, வீட்டுக்கோ தேவைப்படும் பணம் ஒரு ரூபாய்கூடப் பங்குக்குப் போகக் கூடாது.

ஏன் ஏழு? 2008 ஜனவரி 8 அன்று சென்செக்ஸ் 20,873-ல் முடிந்தது. 2009 மார்ச் 9 அன்று 8,160. பழைய உயரத்தை எட்ட 2010 நவம்பர் ஆனது. எட்டியதும் மறுபடி சரிந்து, 2013 கடைசியில்தான் அதை மீண்டும் தொட்டது. இடையில் மகள் கல்யாணத்துக்கு விற்க வேண்டியிருந்தவருக்கு, பின்னால் ஏறியதால் என்ன பயன்?

செய்முறை:

1. நிஃப்டி 50 குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 'டைரக்ட்' திட்டமாக இருக்கட்டும், கமிஷன் போகாது.
2. சம்பளம் வந்த மறுநாள் பிடித்தம் ஆகும்படி எஸ்.ஐ.பி. தொடங்குங்கள்.
3. மொத்தமாகப் பணம் வந்திருந்தால் அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் ஒரு பங்காகப் போடுங்கள்.
4. வருடத்தில் ஒரே ஒரு நாள் கணக்குப் பாருங்கள். சித்திரை முதல் நாளை நான் வைத்திருக்கிறேன். நிதியாண்டும் அப்போதுதான் புதிதாகத் தொடங்கியிருக்கும். பங்கு 40 சதவீதம் என்று முடிவு செய்திருந்து அது 50 ஆகியிருந்தால் கூடியதை விற்று எஃப்.டி. ஏணியில் போடுங்கள். 30 ஆகக் குறைந்திருந்தால், அடுத்து முதிரும் எஃப்.டி.யிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பங்கில் போடுங்கள்.
5. மற்ற 364 நாளும் செல்போனில் அந்தச் செயலியைத் திறக்காதீர்கள்.

படி 6: தங்கம், ஆனால் செய்கூலி இல்லாமல்

உலகில் எங்கே குழப்பம் வந்தாலும் தங்கம் ஏறும் என்பது நம் வீட்டுப் பாட்டிகளுக்கே தெரிந்தது. மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கு தங்கமாக இருப்பது நல்லது. ஆனால் நகை வேறு, முதலீடு வேறு. ஒரு பவுன் நகைக்கு 12 சதவீதம் செய்கூலி, சேதாரம் என்று வையுங்கள். அதன்மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. கடையை விட்டு இறங்கும்போதே ஏறத்தாழ 15 சதவீதம் போய்விட்டது. தங்கம் அந்த அளவு ஏறினால்தான் உங்கள் பணம் உங்களுக்குத் திரும்பும். போட்டு மகிழ நகை வாங்குங்கள், அதில் தவறே இல்லை. சேமிப்புக்கு என்றால் கோல்டு ஈ.டி.எஃப். போதும்.

படி 7: தேர்தல் வாரத்தில் என்ன செய்வது?

2004 மே 17 அன்று, ஆட்சி மாறிய பதற்றத்தில் சென்செக்ஸ் ஒரே நாளில் 11 சதவீதம் விழுந்தது. வர்த்தகத்தை இருமுறை நிறுத்தினார்கள். 2009 மே 18 அன்று, தேர்தல் முடிவுக்குப் பின் அதே சென்செக்ஸ் 17 சதவீதம் ஏறியது. இரண்டு தடவையும் ஆட்சி அமைத்தது காங்கிரஸ் தலைமையிலான ஒரே கூட்டணி.

2024 ஜூன் 3 அன்று கருத்துக்கணிப்பை நம்பிச் சென்செக்ஸ் 2,500 புள்ளி ஏறியது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. 4,390 புள்ளி சரிந்து 72,079-ல் முடிந்தது. ஜூன் 7 அன்று 76,693. ஜூன் 4 மதியம் பயந்து விற்றவர், மூன்று வர்த்தக நாளில் ஏறிய அத்தனையையும் இழந்தார். முதல் நாள் ஆசைப்பட்டு வாங்கி மறுநாள் பயந்து விற்றவருக்கு இரண்டு பக்கமும் அடி.

ஆகவே அந்த வாரத்துக்கு இவை போதும்:

1. எஸ்.ஐ.பி. ஓடட்டும். நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.
2. கருத்துக்கணிப்பைப் பார்த்து எதையும் வாங்காதீர்கள்.
3. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.
4. தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோக நேர்ந்தால், வங்கியில் எடுத்ததற்கான சீட்டு, விற்பனை ரசீது, கல்யாணச் செலவு என்றால் பத்திரிகை, எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பறக்கும் படையிடம் ஆவணம் காட்ட முடியாவிட்டால் பணம் கருவூலத்துக்குப் போகும். மீட்க மாவட்டக் குழுவிடம் மனுக் கொடுத்து அலைய வேண்டும். முடிந்தவரை வங்கி வழியே அனுப்பிவிடுங்கள்.

முதலுக்கே மோசம் வரும் இடங்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

2020 கடைசியில் ஒரு நாள் என் சித்தி தொலைபேசியில் அழைத்தார். கிராமத்து வீட்டை விற்ற பணத்தில் போட்டிருந்த எஃப்.டி. சமீபத்தில் முதிர்ந்திருந்தது.

"தம்பி, பாங்குல டெபாசிட்டுக்கு இப்ப ஒண்ணுமே இல்லையாம்ப்பா. அஞ்சு பர்சன்ட்தானாம். அந்தப் பையனே வேற ஒண்ணு போட்டுக் குடுத்தான். இதுவும் டெபாசிட் மாதிரிதானாம், ஆனா கூட வருமாம்."

"சித்தி, காகிதம் கையில இருக்கா? முதல் பக்கத்துல தலைப்பு என்னன்னு படிங்க."

கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் பெயர். அதன் கீழே, பிரீமியம் செலுத்தும் காலம் ஐந்து வருடம். பிரீமியம் வருடத்துக்கு 2,00,000 ரூபாய்.

"அடுத்த வருஷமும் ரெண்டு லட்சம் கட்டணுமா? எங்கிட்ட ஏதுடா ரெண்டு லட்சம்?" அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பாலிசி கைக்கு வந்து நான்கே நாள் ஆகியிருந்ததால் தப்பித்தோம். வேண்டாம் என்று திருப்பித் தர அப்போது 15 நாள் அவகாசம். இப்போது 30 நாள். எழுத்தில் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி, சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பியது. சித்தி படித்தவர், ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கவுன்டரில் இருந்த பையன் 'மாதிரிதான்' என்று சொன்ன ஒரு சொல்லை நம்பினார், அவ்வளவுதான். 'எஃப்.டி. மாதிரி' என்று யார் சொன்னாலும் அது எஃப்.டி. இல்லை என்று பொருள்.

அதே வருடம் பெரிய அளவிலும் இது நடந்தது. 2020 மார்ச்சில் யெஸ் வங்கி நெருக்கடியில் விழுந்தபோது, டெபாசிட் வைத்திருந்தவர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் சுமார் இரண்டு வாரம் தவித்தார்கள். பிறகு அவர்கள் பணம் முழுவதும் கிடைத்தது. வங்கி நொடித்தால் அசலே அழிக்கப்படக்கூடிய அதே வங்கியின் ஏ.டி.1 பத்திரங்களைக் கூடுதல் வட்டிக்காக வாங்கியிருந்தவர்களுக்கு 8,415 கோடி ரூபாய் பூஜ்யமானது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 ஏப்ரல் 23 அன்று பெரிய மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனம் ஒன்று ஆறு கடன் திட்டங்களை ஒரே நாளில் மூடியது. தரம் குறைந்த பத்திரங்களில் கூடுதல் வட்டி தேடிய திட்டங்கள் அவை. பணம் பின்னால் தவணை தவணையாக வந்தது. ஆனால் கொரோனா காலத்தில் மருத்துவமனைச் செலவுக்குத் தேவைப்பட்டபோது கிடைக்கவில்லை.

அடுத்தது நம் ஊர்க் கதை. எஃப்.டி. வட்டி 5 சதவீதத்தில் கிடந்த அதே 2020-22 காலத்தில்தான் ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனம் தமிழகம் முழுக்கப் பணம் திரட்டியது. மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி தருவதாகச் சொல்லி, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வாங்கியதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவின் வழக்கு சொல்கிறது. மாதம் 25 சதவீதம் என்றால் போட்ட லட்சத்துக்கு வருடத்தில் மூன்று லட்சம் வட்டி. எந்த வியாபாரத்தில் அவ்வளவு லாபம் வரும் என்று ஒரு மளிகைக் கடைக்காரரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். முதலில் சேர்ந்தவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் பணம் வரும். அதைக் காட்டி அவர்களே சொந்தக்காரர்களைச் சேர்ப்பார்கள். இந்த மோசடிகளின் எரிபொருளே உறவின் நம்பிக்கைதான். நகையை அடகு வைத்துப் போட்டவர்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

கையெழுத்துக்கு முன் ஆறு கேள்விகள்

1. இது டெபாசிட்டா, பத்திரமா, இன்சூரன்ஸா? பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.
2. இதைக் கண்காணிப்பது யார்: ரிசர்வ் வங்கியா, செபியா, ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யா? பதிவு எண் என்ன? சீட்டு என்றால் சீட்டுப் பதிவாளரிடம் அனுமதி வாங்கிய எண் எங்கே?
3. அதே காலத்துக்கு ஸ்டேட் வங்கி எஃப்.டி. எவ்வளவு தருகிறது? அதைவிட 2 சதவீதத்துக்கு மேல் அதிகம் என்றால், அந்தக் கூடுதல் எந்த ஆபத்துக்கான கூலி?
4. நடுவில் எடுத்தால் எவ்வளவு கைக்கு வரும்?
5. அடுத்த வருடமும் கட்ட வேண்டுமா?
6. விற்பவருக்கு இதில் கமிஷன் எவ்வளவு?

ஒன்றுக்குத் தெளிவான பதில் இல்லை என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள். 'இன்றைக்கே கடைசி நாள்' என்று அவசரப்படுத்தினால் அதுவே போதுமான பதில். 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்பது மரியாதையான சொல். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால்

பாலிசி என்றால் 30 நாளுக்குள் எழுத்தில் திருப்பிக் கொடுங்கள். இணைய வழியில் பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்; எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு. நிதி நிறுவனம் ஏமாற்றியது என்றால் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புக்கென 1997-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி விற்றுப் பங்கிட அதில் வழி உண்டு. புகார் கொடுக்காதவர் அந்தப் பங்கீட்டுப் பட்டியலில் விடுபட்டுப்போகலாம். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஏமாந்தது குற்றம் அல்ல.

முதிர்வுத் தேதி

கடைசியாக, எளிதாகத் தவிர்க்கக்கூடிய ஒரு நஷ்டம். முதிர்ந்த எஃப்.டி.யைக் கவனிக்காமல் விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். தானாகப் புதுப்பிக்கச் சொல்லியிருந்தால் அன்றைய வட்டியில், அதே காலத்துக்குப் பூட்டிவிடுவார்கள். சொல்லாமல் விட்டிருந்தால், 2021 ஜூலையில் வந்த விதிப்படி சேமிப்புக் கணக்கு வட்டி, பழைய எஃப்.டி. வட்டி இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும்.

இன்று மாலை ரசீதுகளை எடுங்கள். ஒவ்வொன்றின் முதிர்வுத் தேதியையும் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் தேடி வட்டம் போடுங்கள். அதற்குப் பத்து நாள் முன்பு இன்னொரு வட்டம். அந்தப் பத்து நாள் முந்தைய வட்டத்தன்று இந்த அத்தியாயத்தையும் ஆறு கேள்விகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, பணம் எங்கே போக வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வங்கிக்குக் கிளம்புங்கள்.